மேட்டுத் தோட்டத்துக்கு ஒரு லாரி

ஈப்போவில் நான் முதலில் வாங்கியது ஒரு குடை. ஊரிலிருந்து கொண்டுபோன குடை வெயிலுக்காக வைத்திருந்தது. அங்கே பெய்த முதல் மழையிலேயே அதன் கம்பிகள் நாலாபக்கமும் வளைந்துவிட்டன. ரயிலடியிலிருந்து நான் தங்கப்போகிற சாப்பாட்டுக்கடைக்குப் போவதற்குள் பெட்டி, படுக்கை, நான், எல்லாம் ஒரே ஈரம். எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் இப்படி ஒரு மழை வருஷத்துக்கு ஒருமுறை பெய்தால் கண்மாய்க் கரையில் பொங்கல் வைப்பார்கள். அங்கே மதியம் தோறும் பெய்கிறது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

நான் போனது ஒரு லாரியைத் தேர்ந்தெடுக்க. முதலாளியின் லாரிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு முன் சென்னையில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் இருந்தேன். முதலாளிக்கும் அவருடைய பங்காளிகளுக்கும் மலாய் நாட்டுப் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டம் உண்டு. ரப்பர் விலை ஏறியிருந்த காலம் அது. மூடிப்போன ஈயச் சுரங்கம் ஒன்றிலிருந்து பாய்லர் ஏற்றுகிற பெரிய இழுவண்டி ஒன்றைத் தோட்டத்துக்கு வாங்கிப் போட்டிருந்தார்கள். அதை இழுக்க ஒரு லாரி வேண்டும், பழைய லாரி கெட்டுப்போய்விட்டது, ஈப்போ ஏஜெண்டுகளை நம்ப முடியாது, நீயே நேரில் பார்த்து எடு என்றார் முதலாளி. கெட்டுப்போய்விட்டது என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காசிம் ராவுத்தரின் சாப்பாட்டுக்கடை மாடியில் எனக்கு இடம். ராவுத்தர் பனைக்குளத்துக்காரர், ஈப்போவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சயாம் அரிசிச் சோறு, புளி கூடுதலான மீன்குழம்பு, நெத்திலியை மிளகாயோடு இடித்துப் பொரித்த சம்பல். குழம்பு நம்மூர்க் குழம்பு. சம்பல் நம்மூருக்குத் தெரியாதது. கண்ணில் நீர் வர வர இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். எந்தத் தோட்டத்துக்கு என்று ராவுத்தர் கேட்டார். பெயரைச் சொன்னேன். ஓகோ, மேட்டுத் தோட்டமா என்றார். பிறகு என் இலையைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதுவரை ஊர்க்கதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தவர் அன்று திரும்ப வரவில்லை.

மறுநாள் காலையில் அவரே என்னை லாரி பார்க்க அழைத்துப் போனார். விற்பவர் ஒரு சீன தவுக்கே; சீன முதலாளிகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆற்றங்கரையை ஒட்டித் தகரக் கொட்டகை. தவுக்கே மலாயில் பேச, ராவுத்தர் அதைத் தமிழாக்கினார். அங்கே எனக்கேற்ற வண்டிகள் இரண்டு நின்றன.

ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்த புது லாரி. காற்றடைத்த டயர், பளபளக்கும் பச்சைப் பெயிண்ட், தொட்டால் கிளம்பும் என்ஜின். ஆனால் லேசான வண்டி. இன்னொன்று 1914 யுத்த காலத்துப் பழைய லாரி. காற்றில்லாத கட்டை ரப்பர் சக்கரம், பின்சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலி. ஒரு யானை படுத்திருப்பது போல மூலையில் கிடந்தது. அதைக் கிளப்ப இரண்டு பேர் மாறி மாறி முன்கம்பியைச் சுற்றினார்கள். கிளம்பியபின் தகரக் கூரை முழுக்க அதிர்ந்தது.

இரண்டின் அடியிலும் படுத்துப் பார்த்தேன். இப்படிப்பட்ட இழுவண்டிக்கு முன்சக்கரம் கிடையாது. அதன் மூக்கை லாரியின் முதுகில் இருக்கும் இரும்பு வட்டத்தட்டின் மேல் உட்காரவைத்து ஆணியை மாட்டுவார்கள். அந்தத் தட்டை ஐந்தாவது சக்கரம் என்பது இங்கிலீஷ்காரர் வழக்கம். அப்படி மாட்டியபின் பாரத்தில் ஒரு பங்கு லாரியின் முதுகில், மீதி பின்னால். மேடேறும்போது லாரி அதை இழுக்கிறது. இறங்கும்போது அது லாரியைத் தள்ளுகிறது. இழுப்பதற்குப் பச்சை லாரி போதும். தள்ளும்போது தாங்குமா என்பதுதான் என் கேள்வி. அதைத் தவுக்கேயிடம் கேட்கச் சொன்னேன்.

ராவுத்தர் கேட்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, ஒங்க மொதலாளி ஒண்ணுமே சொல்லலையா?”

அப்போதுதான் தெரிந்தது. முன்பிருந்த லாரியும் இதே கொட்டகையிலிருந்து போனதுதான். இதே பச்சை லாரியின் ஜோடி. ரப்பர்க் கட்டுகளும் அதன்மேல் ஆட்களுமாக மேட்டிலிருந்து இறங்கும்போது மூன்றாவது வளைவில் இழுவண்டி முன்னால் முந்திக்கொண்டு வந்து லாரியை மடக்கிப் பள்ளத்தில் தள்ளியது. நான்கு பேர் போனார்கள். ஓட்டியவன், இழுவண்டியின் வாலில் உட்கார்ந்து பிரேக் சுற்றியவன், மேலே இருந்த இரண்டு பெண்கள். ஓட்டியவன் கள்ளு குடித்திருந்தான் என்று முடிவாயிற்று.

தவுக்கே எங்கள் பேச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்த இழுவண்டியைக் கட்டப்போவதாக வாங்கும்போது தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். பிறகு, தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் தொரை அதேபோல் இன்னொரு லாரிக்குத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார், நல்ல வண்டி, வேகமாகப் போகும் என்றார். அவர் விற்கிறவர். அதில் தப்பில்லை.

அடுத்த நாள் வாடகை மோட்டாரில் தோட்டத்துக்குக் கிளம்பினேன். ஓட்டியவன் மாணிக்கம், ஈப்போவிலேயே பிறந்தவன். தமிழ், மலாய், கொஞ்சம் சீனம், மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போடுவான். வழியெல்லாம் சுண்ணாம்பு மலைகள். செடி முளைக்க முடியாத செங்குத்தான இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உரிந்து நின்றன. அதன் அடியில் ஈயம் தோண்டிய குளங்கள். சாம்பல் நிற ஓடையில் சீனப் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து மரத்தட்டுகளைச் சுழற்றி ஈயம் அரித்துக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தது. ஒருத்தியும் கரையேறவில்லை.

தோட்டத்துக்கு ஒரு மைல் முன்னே மோட்டார் செம்மண்ணில் அச்சுவரை புதைந்தது. மாணிக்கம் பதறவில்லை. “இது டெய்லி உள்ளதுதான்லா அண்ணே, எறங்குங்க” என்றான். ரப்பர் மரத்தில் பால்வெட்டி முடித்து வாளியோடு திரும்பிய சிலர் சேர்ந்து தள்ளினார்கள். நான் லாரி வாங்க வந்த ஆள் என்று மாணிக்கம் அவர்களிடம் சொன்னான். தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கையை எடுத்துவிட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இழுவண்டி ஸ்டோருக்குப் பின்னால் நின்றது. ஸ்டோர் என்பது அங்கே ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடு போடுகிற கொட்டகை. தோட்டத்து ஜனங்கள் அந்த வண்டிக்கு வால்வண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பள்ளத்திலிருந்து தூக்கி, நிமிர்த்தி, புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நான் நினைத்ததைவிடப் பெரியது. பாய்லர் சுமக்கச் செய்த கனத்த இரும்புச் சட்டம். வெறும் வண்டியே அந்தப் பச்சை லாரியைவிடக் கனம். வாலில் ஒரு சிறு பலகையும் அதன் முன்னால் பிரேக் சுற்றுகிற சக்கரமும் இருந்தன. பலகை மட்டும் புது மரம்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பொன்னையா என்னை வரவேற்றார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, சுத்தமான மனிதர். தன் வீட்டில் புட்டும் மீன் சொதியும் போட்டார். பழைய லாரியைப் பார்க்கவேண்டும் என்றேன். அது பள்ளத்தில் கிடக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை, தொரை பச்சை லாரியைத்தான் விரும்புகிறார், அது ஒரு நாளில் இரண்டு நடை ரயிலடிக்குப் போய்வரும் என்றார். பார்க்கவேண்டும் என்று மறுபடி சொன்னேன். அவர் சொதியை ஊற்றிக்கொண்டே தலையாட்டினார்.

மறுநாள் காலை மாணிக்கமும் நானும் மூன்றாவது வளைவில் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். லாரி மல்லாந்து கிடந்தது. என்ஜினையும் டயர்களையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பெட்டிக்குள் பெரணிச்செடி முளைத்திருந்தது. கியர்ப்பெட்டியை விட்டுவிட்டிருந்தார்கள், அதைத் திறந்தோம். பல் முதல் கியரில் கடித்துக்கொண்டிருந்தது. பிறகு பின்சக்கரத்து பிரேக் டிரம்மை அடித்துக் கழற்றினோம். உள்ளே பட்டை என்று ஒன்று இல்லை. அதை இறுக்கிய செப்பு ஆணிகளும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. டிரம் நீலம் பாய்ந்து, கோடு கோடாக வெடித்திருந்தது.

ஒரு வளைவில் மிதித்தால் இரும்பு நீலமாகாது. மேட்டின் உச்சியிலிருந்து மிதித்துக்கொண்டே வந்தால்தான் ஆகும். அந்த ஆள் உச்சியிலேயே முதல் கியரைப் போட்டிருக்கிறான். அங்கிருந்தே காலை எடுக்கவில்லை. வண்டி மாட்டிய அன்றே அவன் கதை முடிந்துவிட்டது. நானே ஓட்டியிருந்தாலும் அந்த இடத்தில்தான் கிடந்திருப்பேன். டிரம்மை ஈரச் செடியில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மேலே புல்வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கயிறு இல்லாமலே, செடிகளைப் பிடித்து இறங்கி வந்தாள். முப்பது வயது இருக்கும். அஞ்சலை, ஓட்டினானே அவன் சம்சாரம் என்று மாணிக்கம் என் காதில் சொன்னான்.

“என்னாண்ணே பாக்குறீங்க? எடுக்க வேண்டியத எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க” என்றாள்.

டிரம்மைக் காட்டினேன். எப்படித் தேய்ந்திருக்கிறது, ஏன் நீலமாயிருக்கிறது என்று சொன்னேன். அவள் விரலால் அந்த வெடிப்பைத் தடவிப் பார்த்தாள். 

“கள்ளு குடிச்சாருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. குடிப்பாருதான், இல்லேன்னு சொல்லல. ஞாயித்துக்கெழம குடிப்பாரு. அது வெள்ளிக்கெழமண்ணே” என்றாள். பிறகு, “அப்ப மேலேருந்தே மிதிச்சிக்கிட்டுத்தான் வந்தாரா?”

ஆமாம் என்றேன்.

“கடசி வரைக்குமா?”

கடைசி வரைக்கும் என்றேன்.

அவள் அந்த லாரியின் சட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.  இதை மாரியாயியிடம் சொல்ல முடியுமா என்று கேட்டாள். மாரியாயி, பின்னால் பிரேக் சுற்றிக்கொண்டே செத்தவனின் மனைவி. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்த கதவு. அன்றிலிருந்து அந்த வீட்டில் இவளோடு பேச்சில்லை. குடிகாரன் பெண்டாட்டி என்று குழாயடியில் இவளைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்களாம். “எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது. அதுங்ககிட்ட சொல்லுங்க” என்றாள்.

அன்று மாலை லயத்துக்குப் போனேன். ஒரே கூரையின் கீழ் பத்துப் பதினைந்து அறைகள், முன்னால் சாக்கடை. மாரியாயி வாசலில் உட்கார்ந்து வாளியில் ஒட்டிய ரப்பர்த் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைத் தலை நிமிராமல் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தன் புருஷன் வாலில் சுற்றிக்கொண்டே இருந்தானே, அப்படியிருந்தும் ஏன் நிற்கவில்லை? இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தும் நிறுத்த முடியாத பாரம் அது என்றேன்.

“அப்ப ஏன் அத மாட்டுனாங்க?” என்றாள்.

 அவள் மறுபடி வாளியை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் அஞ்சலையின் கதவு திறந்துதான் இருந்தது. இவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் தொரையைப் பார்க்க பங்களாவுக்குப் போகவேண்டும். படியேறும்போது பொன்னையா மெதுவாகச் சொன்னார். நீங்கள் தமிழில் பேசுங்கள், நான் தொரைக்கு எடுத்துச் சொல்கிறேன், அதுதான் மரியாதை. சரி என்றேன். தொரைக்கு ஐம்பது வயதிருக்கும், காய்ச்சலில் அடிபட்ட மெலிந்த முகம். வராந்தாவில் எங்களை நிற்கவைத்தே பேசினார். எந்த லாரி என்று கேட்டார்.

பழைய பெரிய லாரிதான் என்றேன். காரணத்தையும் சொன்னேன். பச்சை லாரியால் அந்த வண்டியைத் தாங்கிக்கொண்டு இறங்க முடியாது, முன்பும் அதனால்தான் போயிற்று, ஓட்டியவன் மேல் குற்றமில்லை, பிரேக் பட்டை எரிந்து தீர்ந்திருக்கிறது, டிரம்மைக் கொண்டுவந்திருக்கிறேன். பொன்னையா அதை இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்னதில் பாதி நீளம்கூட இல்லை. அதில் கள்ளு என்கிற வார்த்தை வந்தது. ஓட்டுபவன் சரியில்லாதபோது பெரிய வண்டி பத்திரம் என்று இவர் நினைக்கிறார், இதுதான் பொன்னையா சொன்னது.

எனக்குப் பட்டறை இங்கிலீஷ்தான் தெரியும். அதிலேயே சொன்னேன். அந்த ஆள் குடித்ததால் இது நடக்கவில்லை, இதைப் பாருங்கள் என்று சாக்குப்பையிலிருந்து டிரம்மை எடுத்து வராந்தாத் தரையில் வைத்தேன். பொன்னையா என்னைப் பார்க்காமல் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொரை குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “அது எனக்குத் தெரியும். விழுந்த வாரமே இறங்கிப் பார்த்தேன். உன்னை அனுப்பியது லாரி வாங்க. பெரிய லாரி என்றால் பெரிய லாரியே வரட்டும். அந்த மனிதனுடைய விஷயம் முடிந்துவிட்டது.”

ஒரு சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். சண்டையே நடக்கவில்லை. நான் கேட்ட லாரி உடனே கிடைத்தது. விழுந்த வாரமே தெரிந்தவர் மறுபடி அதே பச்சை லாரிக்குத்தான் சொல்லி அனுப்பியிருந்தார் என்பது அப்புறம்தான் என் மண்டையில் ஏறியது. வேறு சிலவும் கேட்டேன். பாய்லர் கனத்துக்குச் செய்த வண்டி என்பதற்காக அதை நிரப்பக்கூடாது, பாதிப் பாரம்தான். மேலே ஆட்களை ஏற்றக்கூடாது. உச்சியில் நிறுத்தி முதல் கியர் போட்டபின்தான் இறங்கவேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இறங்கி வரும்போது பொன்னையா கோபப்படவில்லை. நடந்துகொண்டே சொன்னார்.

“எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீரோ? இஞ்ச எல்லாருக்கும் தெரியும். நீர் வந்து போற ஆள் தம்பி. எனக்கு நாலு பிள்ளையள், இந்தக் குவாட்டர்ஸை விட்டா வேற இடமில்லை. குடிச்சவன் எண்டால் ஒரு ஆளோட முடிஞ்சுது. வண்டி சரியில்லை எண்டால் அது எங்க போய் முடியும், சொல்லும் பாப்பம்.”

 எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். தொரை வழியாக என் முதலாளியின் வீட்டு முற்றத்தில்தான் முடியும். அந்த இழுவண்டியை வாங்கிப் போட்டவரும், லாரி கெட்டுப்போய்விட்டது என்று மட்டும் சொன்னவரும் அவர்.

பெரிய லாரி தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு திருவிழா போலத்தான் இருந்தது. கட்டைச் சக்கரம் செம்மண்ணில் இறங்கிவிடாமல் மூன்று இடங்களில் ரப்பர் மரத்தைப் பிளந்து பலகை போட்டோம். ஓட்டியவர் அந்தோணி, தைப்பிங்கிலிருந்து புதிதாக எடுத்த டிரைவர், நிதானமான ஆள். வட்டத்தட்டைப் பொருத்தி, மசகு பூசி, வால்வண்டியின் மூக்கை ஏற்றி ஆணியை இறக்கினோம். பாதிப் பாரத்துக்கு ஆற்றுமணல் மூட்டைகள். ஆளில்லை.

வாலில் யார் உட்காருவது என்று வந்தபோது கூலிகளை மேய்க்கும் தண்டல், ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் வராமல் நின்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. நானே போய் அந்தப் புதுப் பலகையில் உட்கார்ந்தேன். துணிச்சல் என்று யாரும் நினைக்கவேண்டாம். தேர்ந்தெடுத்தவன் நான், உட்காராமல் இருந்தால் அந்தத் தோட்டத்தில் என் முகத்தை எங்கே வைப்பது?

உச்சியில் அந்தோணி நிறுத்தி முதல் கியரைப் போட்டார். வண்டி இறங்கத் தொடங்கியது. வாலில் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. மூட்டைகளும் ஆகாயமும்தான் தெரியும். அடியில் சாலை பின்னோக்கி ஓடுவதை மட்டும் பார்க்கலாம். மாரியாயியின் புருஷனுக்கும் இவ்வளவுதான் தெரிந்திருக்கும். இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினேன். என்ஜின் முனகியது, சங்கிலி கடகடத்தது. முதல் வளைவு, இரண்டாவது. மூன்றாவது வளைவுக்குச் சற்று மேலே, இருப்பதிலேயே செங்குத்தான இடத்தில், நிறுத்தச் சொல்லியிருந்தேன். அந்தோணி மிதித்தார். வால்வண்டி ஒரு முழம் தள்ளியது. சட்டம் முழுக்க ஒரு முறை நெளிந்தது.  பிறகு நின்றது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்காமலே நின்றது.

சாலையோரம் வேலை முடிந்த ஜனங்கள் நின்றிருந்தார்கள். யாரும் ஆரவாரிக்கவில்லை. அஞ்சலை பள்ளத்துப் பக்கம் தனியாக நின்றாள். மாரியாயி ஒரு தூக்குச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் எனக்குக் கொடுத்தாள். பாதியைக் குடித்தேன். மீதியைச் சாலையைக் கடந்து கொண்டுபோய் அஞ்சலையிடம் நீட்டினாள். அவள் வாங்கிக் குடித்தாள். அவ்வளவுதான். 

கப்பலுக்காக ஈப்போவில் சில நாள் காத்திருந்தேன். சீனர் கடையில் ரொட்டியைக் கரியில் வாட்டி, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்பைத் தடவிக் கொடுத்தார்கள். மங்குஸ்தான் பழம் தின்று வேட்டியைக் கறையாக்கிக்கொண்டேன். அங்கத்துக் கோப்பி நம்மூர்க் காப்பிக்கு ஈடாகாது என்று முதல் நாள் சொன்னவன், இப்போது இரண்டு வேளை குடித்தேன். வேலை நன்றாக முடிந்தது என்றே என்னைத் தேற்றிக்கொண்டேன். வண்டி நிற்கிறது. ஜனங்களுக்கு உண்மை தெரியும். இதற்குமேல் ஒரு வெளியூர்க்காரனால் என்ன செய்ய முடியும்?

கிளம்புவதற்கு முன் உபரி பிரேக் பட்டைகளைக் கொடுத்துவிட்டு வரலாமென்று மாணிக்கத்தோடு மறுபடி தோட்டத்துக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மேட்டின் உச்சிக்கு நாங்கள் ஏறிய நேரம், பெரிய லாரி இறங்குவதற்காக நின்றிருந்தது.

வால்வண்டியில் ரப்பர்க் கட்டுகள் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன. அதன்மேல் தார்ப்பாய். தார்ப்பாயின் மேல் இருபது பேருக்குக் குறையாத ஜனங்கள், பெண்களும் பிள்ளைகளுமாக. சம்பளம் போட்ட மறுநாள், ஈப்போவுக்குச் சாமான் வாங்கப் போகிறார்கள். வாலில் பலகையின் மேல் அன்று வரமாட்டேன் என்று நின்றவன் உட்கார்ந்திருந்தான்.

நான் இறங்கி ஓடினேன். பொன்னையா குடையோடு நின்றிருந்தார். என்ன இது என்றேன். பச்சை லாரி இரண்டு நடை போகும், இது ஒரு நடைதான், அந்த ஒரு நடையில் இரண்டு நடைப் பாரத்தையும் ஏற்றச் சொல்லித் தொரை உத்தரவு என்றார். “பெரிய லொறிதானே எண்டு சொன்னவர்” என்றார். அந்தோணி ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கியர் போட்டாயிற்று என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மேலே இருந்தவர்களைப் பார்த்து இறங்கச் சொன்னேன். அடிவாரம் வரைக்குமாவது நடந்து வாருங்கள், அங்கே ஏறிக்கொள்ளலாம் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரியாயியும் மேலேதான் இருந்தாள், மடியில் ஒரு பிள்ளை.

“நீங்க பாத்து வாங்குன வண்டிதானேண்ணே. நாங்க பாத்தோமே, நின்னுச்சே” என்றாள்.

அவள் குரலில் கிண்டல் இல்லை. நம்பித்தான் சொன்னாள். அன்று இதில் பாதிப் பாரம்தான் இருந்தது என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் லாரி நகர்ந்துவிட்டது.

வண்டிக்குப் பின்னால் ஒருத்தி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள். அஞ்சலை. நீ ஏறவில்லையா என்று கேட்டேன். நடந்துக்கிறேன் என்றாள். மாணிக்கத்தை மெதுவாக வரச் சொல்லிவிட்டு நானும் அவளோடு நடந்தேன்.

முதல் வளைவில் லாரி கண்ணுக்கு மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது. என்ஜினின் முனகல், சங்கிலி, அதன்மேல் இழுத்து இழுத்து வந்த பிரேக்கின் கீச்சொலி. எரிகிற பட்டையின் நாற்றம் மழையிலும் மேலே ஏறி வந்தது. அஞ்சலை நடப்பதை நிறுத்தினாள்.

“நிக்குமாண்ணே?”

“இன்னிக்கு நிக்கும்” என்றேன். அந்தச் சத்தத்தை வைத்து அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

“நாளைக்கி?”

 கீழே மூன்றாவது வளைவைத் தாண்டி, கீச்சொலி அடங்கி, வண்டி சமதரையில் போகிற சத்தம் கேட்கிறவரை இருவரும் அங்கேயே நின்றோம். பிறகு நடந்தோம்.